நூற்றுப் பதினேழாம் பக்கம்

கட்டுகஸ்தோட்டை
20.01.2025

மாமாவுக்குச் சுமன் எழுதுவது.

திகன ஹோட்டல் வேலை உங்கள் கையை விட்டுப் போனது என்னால்தான். யார் செய்தது என்று ஊரெல்லாம் விசாரித்துத் திரிகிறீர்களாம். பெற்றோல் விற்கிற விலையில் அந்தப் பழைய வேனுக்கு எதற்கு வீண் அலைச்சல் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அந்த ஹோட்டலுக்கு சுவிட்ச், லைட், ஃபேன் எல்லாம் என் கடையிலிருந்து போகிறது. என்ஜினியர் ஒருநாள், "வயரிங்குக்கு வத்தேகம மூக்கையா பாஸைப் போடலாமா?" என்று கேட்டார். "முப்பத்தைந்து வருட அனுபவம். ஆனால் தொழில் தகைமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்" என்றேன். அவ்வளவுதான். உங்களிடம் அது இல்லை. நான் சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை. பொய் சொல்வது உங்கள் பழக்கம்.

இதை ஏன் நேரில் வந்து சொல்லவில்லை என்று கேட்பீர்கள். 2013 செப்டெம்பரில், அக்குறணை ஆகிப் ஹாஜியாரின் மூன்று மாடிக் கட்டடத்தில், அத்தனை வேலைக்காரர் முன்னால் என்னைக் காட்டி, "வயர் றோலத் தூக்கினது இந்தப் பயதான்" என்றீர்கள். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. கண்டியில் பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரீசியன் படிப்பு. செயன்முறைக்காக ஆறு மாதம் உங்களிடம் விட்டிருந்தார்கள். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் கொப்பியில் எழுத வேண்டும், நீங்கள் கீழே கையெழுத்து வைக்க வேண்டும். "கடைசியில எல்லாத்துக்கும் ஒரேயடியா போட்டுத் தாறேன்டா" என்றே நாளைக் கடத்தினீர்கள். கடைசி வரவில்லை, ஐந்து கிழமைக்கு முன்பே கள்ளன் ஆகிவிட்டேன். நிலையத்தில் பெயரை வெட்டினார்கள். அந்த வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோவிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தேன், செத்தாலும் உங்களோடு பேச மாட்டேன் என்று. எழுத மாட்டேன் என்று செய்யவில்லை.

பிறகு கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் சாக்கு விரித்து பல்ப் விற்றேன். இன்று கடைக்கு இரண்டு ஷட்டர். ஆனாலும் அக்குறணைப் பக்கம் போனால் சிலர் என் கையைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

நான் நல்ல சுகம். உங்கள் சீனி வருத்தம் எப்படி என்று நான் விசாரிக்கவில்லை.

சுமன்

•

வத்தேகம
11.02.2025

மருமகன் சுமனுக்கு மாமன் மூக்கையா எழுதிக்கொண்டது. எனக்குச் சீனி இருநூற்றுப் பத்து, முழங்கால் இரண்டும் பிடித்திருக்கிறது, மற்றபடி சுகம். நீ விசாரிக்காவிட்டாலும் சொல்வது என் கடமை.

ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்கக் கரண்ட் போனதே, குரங்கு செய்த வேலை என்கிறார்கள். எனக்கு முதலில் உன் ஞாபகம்தான் வந்தது.

பன்னிரண்டு வருடம் நெஞ்சுக்குள் வைத்துக் காய்ச்சியிருக்கிறாய். பல்ப் கடைக்காரனுக்கு இவ்வளவு பொறுமையா? டெஸ்டரை எந்தப் பக்கத்தால் பிடிப்பது என்று உனக்குக் காட்டித் தந்தது இந்தக் கைதான். வத்தேகமவில் பாதி வீட்டில் நான் போட்ட வயரில்தான் விளக்கு எரிகிறது. ஒருத்தரும் காகிதம் கேட்டதில்லை. கரண்ட் காகிதத்திலா ஓடுகிறது?

என்னிடம் ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். ஹோட்டலை நம்பி மடவளையில் இரண்டு வீட்டு வேலையை வேண்டாம் என்றேன். என்னோடு கோபம் என்றால் என்னோடு வைத்துக்கொள். அவர்கள் என்ன செய்தார்கள்?

பொங்கலுக்கு அக்கா வந்திருந்தாள். உன் அம்மாவுக்கு இந்த விசயம் தெரியுமா, தெரியாதா? ஒரு சொல் சொல்லவில்லை. அவளுக்கு நெஞ்சுச் சளி இன்னும் விடவில்லை, பார்த்துக்கொள்.

மூக்கையா

•

கட்டுகஸ்தோட்டை
15.02.2025

மாமாவுக்கு,

குரங்கு கிடைத்தால் என் கடையில் வேலை போட்டுக் கொடுப்பேன். அம்மாவின் சளி குறைந்துவிட்டது. அவளுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

உங்கள் ஒன்பது பேர் என்ன செய்தார்கள் என்று கேட்கிறீர்கள். அன்று அந்த இடத்தில் நின்றவர்களில் ஐந்து பேர் இப்போதும் உங்களோடுதான் இருக்கிறார்கள். ஒருத்தர் வாய் திறந்தாரா?

ஒரு விசயம் சொல்கிறேன், வியாபாரி பேச்சாகக் கேளுங்கள். ஹோட்டலில் கீழ்த்தளம்தான் கைமாறியது. மேல் இரண்டு தளத்தை ஓகஸ்டில் கொடுப்பார்கள், சான்றிதழ் உள்ளவருக்கு. வகுப்புக்குப் போகாத அனுபவசாலிகளையும் சோதித்துப் பார்த்துச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். எங்கே என்றால், என் பெயரை வெட்டினார்களே, அதே பயிற்சி நிலையத்தில். நீங்கள் அந்தப் படியில் ஏற வேண்டும் மாமா. அந்த வாங்கில் உட்கார்ந்து, உங்கள் பெயரைக் கூப்பிடும் வரைக்கும் காத்திருக்க வேண்டும். நினைத்தாலே எனக்குப் பசி எடுக்கிறது.

முழங்கால் வலியோடு ஏறுங்கள். முப்பத்திரண்டு படி. நான் எண்ணியிருக்கிறேன், இறங்கின அன்று.

சுமன்

•

வத்தேகம
24.03.2025

மருமகனுக்கு,

சுகம். உன் சுகத்துக்கும் குறைவிராது என்று தெரியும்.

ஏறினேன். முப்பத்திரண்டு அல்ல, முப்பத்து மூன்று. உனக்கு எண்ணவும் நான்தான் சொல்லித் தந்திருக்க வேண்டும்.

சோதிப்பவர் சுகிர்தா மிஸ் என்று ஒரு பிள்ளை. என் மகள் வயது இருக்கும். மரியாதையாகத்தான் பேசினாள். எழுதுகிற பலகை வைத்த சின்னக் கதிரை ஒன்றைக் காட்டி, "ஐயா, இதுல இருங்க" என்றாள். என் வயிறு அதற்குள் போகவில்லை. பின்னால் இருந்த பையன்கள் சிரித்தார்கள். நீ பார்க்கவில்லை, அதனால் எழுதுகிறேன். போதுமா?

பலகையில் வயரிங் செய்து காட்டச் சொன்னாள். பாதி நேரத்தில் முடித்தேன். "கை வேலையில ஒரு குறையும் இல்ல ஐயா" என்றாள். பிறகு, "த்ரீ பேஸ் வேலை செஞ்சதுக்கு எழுத்துல என்ன இருக்கு? வரைபடம்? மெகர் வச்சுப் பார்த்த வாசிப்பு?" என்றாள். வயரில் கசிவு இருக்கிறதா என்று மெகரை வைப்பேன், முள்ளைப் பார்ப்பேன், சரியென்றால் பெட்டியை மூடுவேன். அதை யார் எழுதி வைத்தது? முப்பத்தைந்து வருடம் என் தலைக்குள் இருக்கிறது, தலையைக் கழற்றி மேசையில் வைக்கவா என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

நான் செய்த பெரிய த்ரீ பேஸ் வேலை ஆகிப் ஹாஜியாரின் கட்டடம் ஒன்றுதான். அக்குறணைக்குப் போய் அவரிடம் ஒரு கடிதம் கேட்டேன். அவர், "நான் கடைக்காரன், மெகரப் பத்தி எனக்கென்ன தெரியும்? ஒங்கட மருமகன் நாளாந்தம் ஒரு கொப்பியில எழுதிக்கிட்டு இருந்தானே. அதக் கொண்டுபோய்க் குடுங்க" என்றார்.

அக்காவைக் கேட்டதாகச் சொல். மழை இல்லாமல் இங்கே கிணறு வற்றுகிறது.

அந்தக் கொப்பி உன்னிடம் இருக்கிறதா?

மூக்கையா

•

கட்டுகஸ்தோட்டை
27.03.2025

மாமாவுக்கு,

இருக்கிறது.

கடை அலுமாரியில், வியாபாரப் பதிவுப் பத்திரத்துக்குக் கீழே. நூற்றிருபத்து மூன்று பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் நிலையத்தின் முத்திரை, எண். ஹாஜியாரின் மூன்று மாடிக்கும் வரைபடம் போட்டிருக்கிறேன். நீங்கள் முள்ளைப் பார்த்துச் சொன்ன வாசிப்பு எல்லாம் திகதியோடு இருக்கிறது. நீங்கள் பார்த்த வேலைக்கு உலகத்தில் இருக்கும் ஒரே எழுத்து என் எழுத்துத்தான். சுகிர்தா மிஸ்ஸிடம் நேற்றுப் போய்க் கேட்டேன். "பயிற்சி குடுத்தவர் எல்லாப் பக்கத்துலயும் கையெழுத்து வச்சிருந்தா ஏத்துக்கலாம்" என்றார்.

நீங்கள் வைக்க மறுத்த அதே கையெழுத்து.

பேனையை எடுப்பதற்கு முன்னால் நூற்றுப் பதினேழாம் பக்கத்தை வாசியுங்கள். பிரதி எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். கொப்பி உங்கள் வேனில் கிடந்தும் நீங்கள் ஒரு பக்கமாவது வாசித்ததில்லை என்று எனக்குத் தெரியும். வாசித்திருந்தால் அதை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்திருக்க மாட்டீர்கள், எரித்திருப்பீர்கள். கண் மங்கல் என்றால் நானே எழுதுகிறேன்:

"18.09.2013, புதன். இரண்டாம் மாடி, குழாய் பதித்தல். போன பொருள்: மஞ்சள் வயர் றோல் ஒன்று, நூறு மீற்றர். பி.ப. 4.40க்கு பாஸின் வேனில் ஏற்றப்பட்டது."

சந்தேகப்பட்டு எழுதவில்லை. வருகிற பொருள், போகிற பொருள் எல்லாம் எழுத வேண்டும் என்று படிப்பித்தார்கள், எழுதினேன். என்னைக் கள்ளன் என்றபோது, "கொப்பியப் பாருங்க" என்று கத்தினேன். கொப்பி உங்கள் வேனில் இருந்தது. ஒரு மாதம் கழித்து அம்மா அதைச் சீனிப் பையில் போட்டுக் கொண்டுவந்தாள். நிலையத்துக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். "கையெழுத்து இல்லாத பக்கம் வெறும் கடதாசி தம்பி" என்றார் அப்போதிருந்த பொறுப்பாளர். அன்றுதான் படியை எண்ணினேன்.

இப்போது சொல்லுங்கள், சுகமா?

சுமன்

•

வத்தேகம
22.04.2025

அன்பு மருமகனுக்கு,

புதுவருடம் உனக்கும் அக்காவுக்கும் நல்லபடியாகப் பிறந்திருக்கும். பலகாரம் கொடுத்தனுப்பினேன். திரும்பி வந்துவிட்டது, சரி. முறுக்கு என்ன பாவம் செய்தது?

பதில் எழுத நாள் பிடித்தது. ஒன்று கேட்கிறேன். நூற்றிருபத்து மூன்றில் ஒரு பக்கம். அதை மட்டும் மெதுவாக எடுத்துவிட்டால் என்ன? மற்ற எல்லாவற்றிலும் இன்றைக்கே கையெழுத்து வைக்கிறேன். என் ஆட்கள் ஒன்பது பேரும் இனி உன் கடையில்தான் சாமான் எடுப்பார்கள். ஹோட்டல் மேல்தளம் முழுக்க உன் வயர். நீ வியாபாரி, யோசித்துப் பார்.

எனக்கு அறுபத்தொரு வயது. ஊருக்குள் ஒரு பெயர் இருக்கிறது.

முழங்காலுக்கு எண்ணெய் பூசுகிறேன். கொஞ்சம் பரவாயில்லை.

மூக்கையா

•

கட்டுகஸ்தோட்டை
25.04.2025

மாமாவுக்கு,

எனக்கும் ஒரு பெயர் இருந்தது, பத்தொன்பது வயதில். அதற்கு எண்ணெய் பூச ஒருத்தரும் வரவில்லை.

பக்கம் கிழியாது. எண் போட்ட கொப்பி. ஒன்று குறைந்தால் முழுக் கொப்பியும் செல்லாது. இது நான் வைத்த சட்டமல்ல, நிலையத்தின் சட்டம். அதை வைத்தவர் யாரென்று தெரிந்தால் மாலை போடுவேன்.

என் பேச்சு ஒன்றுதான். நூற்றிருபத்து மூன்று பக்கத்திலும் கையெழுத்து. நூற்றுப் பதினேழில் கூடவே, அந்த றோலை எடுத்தவர் யார் என்று உங்கள் கையால் ஒரு வரி. எங்கே கள்ளன் என்றீர்களோ அங்கே, ஹாஜியாரின் கண் முன்னால். இல்லையென்றால் கொப்பி அலுமாரிக்குள்ளேயே கிடக்கும், ஹோட்டல் மேல்தளத்தில் வேறு பாஸின் ஏணி நிற்கும். உங்கள் ஒன்பது பேரின் வியாபாரம் எனக்கு வேண்டாம். அவர்கள் இல்லாமல்தான் இரண்டாவது ஷட்டர் போட்டேன்.

ஒரே ஒரு கேள்வி. அந்த றோலை எங்கே விற்றீர்கள்? மாத்தளையிலா? சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

சுமன்

•

வத்தேகம
30.05.2025

சுமன்,

சுகம் விசாரித்து எழுத இன்றைக்கு மனமில்லை.

விற்கவில்லை. அது உன் அம்மா வீட்டுச் சுவருக்குள் இருக்கிறது.

தோட்டத்து லயத்தை விட்டு வந்து அக்கா அந்தச் சின்ன வீட்டைக் கட்டி முடித்த மாதம் அது. உன் அப்பா செத்து வருடம் திரும்பவில்லை. கரண்ட் கொடுக்க வருகிற நாளைக் குறித்துவிட்டார்கள். நான் வயர் போட்டுத் தருவதாக அக்காவுக்குச் சொல்லியிருந்தேன். கையில் ஒரு முழம் வயர் இல்லை. ஹாஜியாரின் றோல் ஒன்றை எடுத்தேன், அடுத்த கிழமை வைத்துவிடலாம் என்று. அவர் அதற்கு முன்பே எண்ணிவிட்டார். நான்தான் என்றால் வேலை போகும், அத்தனை பேரும் போவார்கள். நீ சின்னப் பயல், உனக்கு வேறு வழி கிடைக்கும் என்று நினைத்தேன். கிடைத்ததுதானே? இரண்டு ஷட்டர்!

பன்னிரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்துதான் சோறு தின்கிறாய். என்னைக் கள்ளன் என்று எழுதுவதானால் அதையும் சேர்த்து எழுது.

நம்பாவிட்டால் ஒரு சுவிட்சைக் கழற்றிப் பார். ஹாஜியாரின் மச்சான் சவூதியிலிருந்து இறக்கின வயர். உறையில் அரபு எழுத்து இருக்கும்.

மூக்கையா

•

கட்டுகஸ்தோட்டை
12.06.2025

மாமாவுக்கு,

கழற்றிப் பார்த்தேன்.

நீங்கள் போட்ட வயர் என்ற வெறுப்பில் அந்த வீட்டில் ஒரு ஸ்க்ரூவைக்கூட நான் இதுவரை தொட்டதில்லை. ஊருக்கெல்லாம் வயர் விற்கிறவன், அம்மா வீட்டில் பல்ப் போனால் என் கடை ரமேஸைத்தான் அனுப்புவேன். என்றைக்காவது ஒருநாள் தொட்டிருந்தால் அன்றே கண்டுபிடித்திருப்பேன். வாசல் சுவிட்சை இழுத்தேன். மஞ்சள் உறை, அரபு எழுத்து. நேற்றுப் போட்டதுபோல் பளிச்சென்று இருந்தது.

அம்மாவிடம் கேட்டேன், "ஒனக்குத் தெரியுமா?" என்று. அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "சோறு போடவா?" என்றாள். நான் சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

மறுநாள் ரமேஸோடு போய் முழு வயரையும் உருவினேன். பின்னேரத்துக்குள் சுவரெல்லாம் வெறும் ஓட்டை. சுருட்டி எடுத்துக்கொண்டு நேரே அக்குறணைக்குப் போய் ஹாஜியாரின் மேசையில் வைத்தேன்.

"என்ன மகன் இது? பன்னெண்டு வருஷத்துக்குப் பொறகு வயர் கொண்டு வாறீங்க?"

"ஒங்கட வயர்தான். எழுத்தப் பாருங்க."

பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க எடுக்கல்ல எண்டு எனக்கு அப்பவே தெரியும். எடுத்தவன் அடுத்த நாள் நேரத்தோட வேலைக்கு வருவானா? நீங்க வந்தீங்க."

"தெரிஞ்சா ஏன் சொல்லல்ல?"

"கட்டடம் முடியணுமே மகன். பாஸ் போனா யாரு முடிக்கிற?"

நான் வியாபாரி, அவர் சொன்னது எனக்கு விளங்கியது. விளங்கியதால் மன்னித்தேன் என்று அர்த்தமில்லை. அவருடைய கட்டடம் முடிந்தது, உங்கள் வேலை முடிந்தது, அம்மாவின் வீட்டில் விளக்கு எரிந்தது. எல்லாருக்கும் சரி. இதற்கெல்லாம் போன ஒரே சாமான் நான்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்குப் புது வயர் நானே போடுகிறேன். உங்களுக்கான என் பேச்சில் மாற்றமில்லை. ஒன்று கூடுகிறது: கையெழுத்து வைக்கும்போது அம்மாவும் அங்கே இருப்பாள்.

சுமன்

•

வத்தேகம
29.06.2025

மருமகனுக்கு,

சீனி குறைந்திருக்கிறது. பாதி நாள் சோறு இறங்காததால் இருக்கும்.

அக்கா உன்னை வாசலோடு திருப்பி அனுப்பினாளாமே. புது வயரைத் தோளில் போட்டுக்கொண்டு அரை மணித்தியாலம் முற்றத்தில் நின்றாயாம். "கழட்டின கை இந்த வீட்டுல போட வேணாம்" என்றாளாம். கேட்டுச் சிரித்தேன், ஒளிக்கவில்லை. என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் போனேன், என்னைக் கூப்பிடுவாள் என்று.

கதவைப் பாதிதான் திறந்தாள். உள்ளே எண்ணெய் விளக்கு. "எந்தம்பி போட்ட வெளிச்சம்னு பன்னெண்டு வருஷம் வாய மூடிக்கிட்டு இருந்தேன். எம்மவன் பேரு போனதும் தெரியும், எந்தம்பி செஞ்சதும் தெரியும். ரெண்டு பேருக்கும் சோறு போட்டேன்" என்றாள். "அந்தக் கொப்பியில கையெழுத்து வச்சிட்டு வா. வச்சிட்டு நீயே வயரப் போடு. அவன் கூட நிக்கட்டும். அதுவரைக்கும் எனக்கு வெளக்குப் போதும். லயத்துல பொறந்தவதானே நான்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

அவள் இருமுவது வெளியே கேட்டது. விளக்குப் புகை.

வைக்கிறேன். அத்தனை பக்கத்திலும். ஒரே ஒரு வேண்டுதல். நூற்றுப் பதினேழில் 'திருடினேன்' என்ற சொல் வேண்டாம். 'றோலை வேனில் ஏற்றியது நான். சுமன் எழுதியது உண்மை' என்று எழுதுகிறேன். அதற்கு மேல் என் கை போகாது.

மூக்கையா

•

கட்டுகஸ்தோட்டை
06.07.2025

மாமாவுக்கு,

அம்மாவுக்கு இருமல் கூடியிருக்கிறது. நான் வாங்கிக் கொடுத்த டோர்ச் லைட்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அதனால் இழுத்தடிக்காமல் முடிப்போம். அந்த இரண்டு வரி போதும். 'திருடினேன்' என்று எழுதினால் ஒரு நாளைக்குக் கோபத்தில் எழுதியது என்று சொல்லலாம். ஏற்றியது யார் என்பதை யாரும் மாற்ற முடியாது.

ரமேஸிடம் நீங்கள் சொல்லியனுப்பியதும் நான் சொல்லியனுப்பியதும் சேர்த்து, ஒத்துக்கொண்டது இவ்வளவுதான். பிறகு மாற்றிப் பேசாமல் இருக்க எழுதி வைக்கிறேன்.

வருகிற ஞாயிறு, பதின்மூன்றாம் திகதி, காலை பத்து மணிக்கு ஆகிப் ஹாஜியாரின் இரண்டாம் மாடி. உங்களோடு இருக்கும் அந்த ஐந்து பேரும் வருவார்கள். அம்மாவை நான் கூட்டிவருவேன், அவளுக்குக் கதிரை போடுவது உங்கள் பொறுப்பு. நூற்றிருபத்து மூன்று பக்கத்திலும் நீங்கள் கையெழுத்து வைப்பீர்கள், அன்றைய திகதியோடு, 2013இன் திகதியோடு அல்ல. நூற்றுப் பதினேழில் அந்த இரண்டு வரியை எழுதி, சத்தமாக ஒருமுறை வாசிப்பீர்கள். மேலும் கீழும் ஒரு சொல் சேர்க்க மாட்டீர்கள், அழ மாட்டீர்கள்.

பின்னேரம் அம்மா வீட்டுக்கு நீங்கள் வயர் போடுவீர்கள், என் கடை வயர், பில்லோடு. நான் மெகர் பிடிப்பேன். வாசிப்பை நூற்றிருபத்து நான்காம் பக்கத்தில் நான் எழுதுவேன், கீழே நீங்கள் கையெழுத்து வைப்பீர்கள், அங்கேயே, அப்போதே, கடைசிக்கு விடாமல். கொப்பியைச் சுகிர்தா மிஸ்ஸிடம் நான் கொண்டுபோய்க் கொடுப்பேன், வேலை முடிந்ததும் அது என் அலுமாரிக்குத் திரும்பும். ஹோட்டல் மேல்தளம் உங்களுக்குக் கிடைத்தால் நான் குறுக்கே வர மாட்டேன். உங்களுக்கோ உங்கள் ஆட்களுக்கோ என் கடையில் ஒரு ஸ்க்ரூகூட விற்கவும் மாட்டேன்.

கோவிலில் செய்த சத்தியம் அப்படியே இருக்கிறது, பேச்சு கிடையாது. மெகர் முள் எங்கே நிற்கிறது என்பதைக்கூட எழுதித்தான் காட்ட வேண்டும். பேனை நான் கொண்டுவருவேன்.

சுமன்